அலையில் வராத தொப்பி

ஏலே,

துரைமார் போடுவது போன்ற உன் சோலாத் தொப்பி இப்போது என் மடியில் இருக்கிறது. உன் பதினாறாம் நாளுக்கு ராஜபாளையத்திலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்தேன். புறப்படும்போது உன் வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இன்னும் உன் விளக்கெண்ணெய் வாடை. அந்த எண்ணெய்க்கு உன் தலையில் ஒரு முடிகூட முளைக்கவில்லை என்பதை நாம் இருவரும் ஊருக்குச் சொன்னதே இல்லை.

இதே தொப்பியோடுதான், பிறகு நீ குடியேறிவிட்ட இந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்க வந்தாய். துணைக்கு நான். அதற்கு முன் இரண்டு வீட்டில் வழுக்கையைப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் காசிக்குப் போய்விடுவதாகப் பஸ் முழுக்கப் புலம்பினாய்.

முகம் கழுவத் திருமுக்குளத்தில் இறங்கினோம். தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்தாய். நான் சும்மா இருந்திருக்கலாம். தூத்துக்குடியில் ஒரே ஒரு தடவை கடல் பார்த்த கர்வம் விடுமா? "அலை இருக்கே, அது இலங்கைத் தண்ணிய அப்படியே நம்ம காலுல கொண்டாந்து கொட்டுதுலே" என்று அளந்தேன்.

"தண்ணி எங்கயும் போகாதுலே. நின்ன எடத்துலயே ஏறி எறங்கும், அடுத்த தண்ணிய உசுப்பிவிடும், அம்புட்டுதான். அலைதான் அலையுது, தண்ணி அலையல" என்றாய். எந்தப் பத்திரிகையில் படித்தாயோ!

"கடலையே பாக்காதவன் கடலுக்கு வக்காலத்து வாங்குதான்!" என்று தொப்பியை எடுத்துக் குளத்தில் வீசினேன். "இப்பப் பாரு, அலைய வச்சே கரைக்குக் கொண்டாரேன்."

நெட்டியில் செய்த தொப்பி, தெப்பம்போல் மிதந்தது. அதற்கு அப்பால் கல்லெறிந்தேன். அலை ஜோராகக் கிளம்பிப் படிக்கு வந்தது. தொப்பி ஏறியது, இறங்கியது, அங்கேயே நின்றது. இருபது கல் எறிந்தும் உன் கட்சிக்கே தலையாட்டிக்கொண்டிருந்தது. நம் இருவருக்கும் நீச்சல் தெரியாது. நல்ல நேரம் முடியச் செத்த நேரம்தான் பாக்கி. கல்யாணம் நடுக்குளத்தில் நிற்கிறது, நீயோ, "பாத்தியாலே! நான் சொல்லல?" என்று குதிக்கிறாய்.

அப்புறம் மலைப்பக்கமிருந்து ஆனிக் காற்று எழுந்தது. தொப்பி மெல்ல நகர்ந்தது, எதிர்க்கரைக்கு. "காத்து தொப்பியையும் தள்ளுது, மேல்தண்ணியையும் தேச்சு இழுக்குது பாருலே! விடாம அடிச்சா, கடல்ல நீரோட்டமே இப்படித்தான் பொறக்குது!" என்று விளக்கிக்கொண்டே நீ ஓட, மூச்சிரைக்கப் பின்னால் நான்.

அங்கே குடத்தோடு நின்ற பெண் தொப்பியை எடுத்து நீட்டினாள். உன் தலையை ஒரு தரம் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

பெண் வீட்டில் ஈரத் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தாய். காதோரமாகத் தண்ணீர் வடிந்தது.

"மாப்ளே, வழியில மழையா?" என்றார் பெண்ணின் அப்பா.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இல்லப்பா, கொளத்துல அலை அடிச்சுது. தொப்பியக் கழத்திட்டு ஒக்காரச் சொல்லுங்க. எல்லாம் பாத்தாச்சு."

எட்டிப் பார்த்தது அதே குடத்துக்காரி! பின்னாலேயே காப்பியும் வந்தது.

இன்று அவள்தான் சொன்னாள்: "அண்ணே, எறிஞ்சது நீங்கதான? நீங்களே வச்சுக்கிடுங்க."

பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. அதே படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் தலையும் உன் தலை மாதிரியே ஆகிவிட்டதால் தொப்பி கச்சிதம். மலைக்காற்று எழுகிறது. இது தண்ணீரில் விழுந்தால் கல்லெறிய எனக்குத் தெரியும். எந்தக் கரைக்குப் போகுமென்று கத்திக்கொண்டே முன்னால் ஓட நீ இல்லை. ஆகவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.