அறுபத்தைந்தாம் எண் ஓடி முடித்தார் என்று கல்லில் சேர்க்க வேண்டி

அனுப்புநர்:
சரக்குக் கொட்டகைத் தெருவில் 'இடக்கை' என்று கேட்டால் காட்டுவார்கள்.
தீயணைப்பு நிலையத்தில் குழாய் இழுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன்.
மாநகரின் முதல் மாரத்தானில் அறுபத்து நான்காம் எண்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: மைதான வாசலில் திறக்கப்படவுள்ள கல்லில், முதல் மாரத்தானை ஓடி முடித்த அறுபத்தைந்தாம் எண் விடுபட்டிருப்பது; அதற்கு நானே காரணமாக இருந்தது; செதுக்கும் வேலை முடிவதற்குள் திருத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. ஐம்பதாம் ஆண்டு மலர், பக்கம் பதினான்கு. 2. அதே பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள, என் இடது பெருவிரல் ரேகை பதிந்த வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு,

1. பெரிய பாலத்தின் நடுத்தூண் இறங்கி, ஏழு மாதம் ரயில் அக்கரையிலேயே நின்ற வருடம் அது. நான்கு முனைச் சாலையில் முதன்முதலாகச் சிக்னல் விளக்கு வைத்ததும், பச்சைக்கு நிற்பதா போவதா என்று தெரியாமல் இரண்டு பேருந்துகள் முட்டிக்கொண்டதும் அதே வருடம்தான். என் இரண்டாவது மகள் பிறந்த நாற்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் மாரத்தான் நடந்தது. தேதி எனக்குத் தெரியாது. தங்கள் அலுவலகத்தில் இருக்கும்.

2. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுபவர், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறார். ஒவ்வொரு பத்தியையும் எனக்குப் படித்துக் காட்டிய பிறகே அடுத்ததற்குப் போகிறார். "பெரியவரே, இப்படி நிறுத்தி நிறுத்தி எழுதினா சாயங்காலம் ஆயிடும்" என்று சலித்துக்கொண்டார். ஆகட்டும் என்றேன்.

3. அப்போது நானும் என் தங்கை கணவரும் ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தோம். அவரை அன்று எல்லோரும் 'நெட்டையன்' என்பார்கள். கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையை ஏற்றிவிடும்போது மேஸ்திரி ஒரு தகர வில்லை தருவார். கிடங்கில் இறக்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு நடை முடிந்தது என்று பொருள். வழியில் ஒருவன் சுருண்டு விழுந்துவிட்டால், பின்னால் வருகிறவன் அவன் வில்லையையும் எடுத்துக்கொண்டு போய், "இது இன்னார் நடை, சேத்துக்கங்க" என்று கொடுத்துவிடுவான். விழுந்தவனைக் கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தான் அவமானம். இதைத் தங்களுக்கு முதலிலேயே சொல்லாவிட்டால், பின்னால் நான் செய்தது திருட்டுப் போலத் தெரியும்.

4. முதலில் வரும் இருபது பேருக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதனால்தான் ஓடினோம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு மேஸ்திரி, "அக்கரைக் கிடங்குக்குப் பத்து நடை, மூட்டை இல்லாம" என்றார். மூட்டை இல்லாமல்தானே என்று இருவரும் சிரித்தோம்.

5. ஆறு மணிக்குக் கொடி அசைப்பதாகச் சொன்னவர்கள், சிறப்பு விருந்தினர் வராததால் ஏழே காலுக்கு அசைத்தார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரம் பிற்பகுதியில் வெயிலாக எங்கள் தலையில் இறங்கியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம்; நான் அறுபத்து நான்கு, என் தங்கை கணவர் அறுபத்தைந்து. கொடுத்த கான்வாஸ் காலணி ஒன்பதாவது கிலோமீட்டரில் கடித்ததால், நான் அதைக் கழற்றி ஒரு வீட்டு மதில் மேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். ஆலைச் சாலையில் முந்தின நாள்தான் தார் போட்டிருந்தார்கள். தெருவில் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. "எங்கப்பா தீ?" என்றார் ஒருவர். "திருடன் இந்தப் பக்கம் வரலையே" என்றார் இன்னொருவர். எங்களுக்குப் பின்னால் ஒரு தபால்காரர் ஓடி வந்தார். அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் "எனக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்கள். அவரும் மூச்சு வாங்க "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

6. பாதி தூரத்தில், குடிநீர் நிலையத்து வாசலில் திருப்பம். திரும்பியவர்களுக்கு அடையாளமாக மணிக்கட்டில் ஒரு நீலத் துணி கட்டினார்கள். துணியில் எண் கிடையாது. யார் யாருக்குக் கட்டினோம் என்று குறித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் பிழை. கட்டியவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். எங்கள் இருவரையும் பார்த்து, "என்னய்யா, ரெண்டு பேரையும் ஒரே நுகத்தடியில பூட்டி விட்டாங்களா?" என்றார். என் தங்கை கணவர் கையை நீட்டினார். ஆசிரியர் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இதை நான் ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தேன். ஐயா அவர்கள் இந்த மனுவில் வேறெதையும் நம்பாவிட்டாலும் இதை நம்ப வேண்டும். அவர் திருப்பத்துக்கு வந்தார். எனக்கு முன்னால் கை நீட்டினார்.

7. இருபத்தாறாவது கிலோமீட்டரோடு தண்ணீர் தீர்ந்தது. வெறும் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "லாரி வருது, லாரி வருது" என்றார். லாரி வரவில்லை. முப்பத்து நான்காவதில், மரக்கடை மதில் ஓரம், என் தங்கை கணவர் வாந்தி எடுத்தார். இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ள, மரம் சாய்வது போல விழுந்தார். கண் செருகிவிட்டது. முதலுதவிக்காரர் சைக்கிளில் வந்து முகத்தில் துணியால் விசிறினார். "இவரு இனிமே ஓட முடியாது. நீங்க ஏன் நிக்கிறீங்க? போங்க" என்றார்.

8. நான் குனிந்து அவர் மணிக்கட்டிலிருந்த துணியை அவிழ்த்தேன். என் கையில் கட்டிக்கொண்டேன். நடை வீணாகக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் அந்த நேரத்தில் வேறு எதுவும் இல்லை.

9. பத்தொன்பதாவது ஆளாக மைதானத்துக்குள் வந்தேன். மேசையில் இருந்த எழுத்தரிடம் இரண்டு துணிகளையும் கொடுத்து, "இது என்னுது. இது அறுபத்தஞ்சு. மரக்கடைகிட்ட படுத்திருக்காரு, அவர் நடையையும் சேத்துக்கங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு இரண்டையும் பெட்டியில் போட்டார். என் கழுத்தில் பதக்கம் விழுந்தது.

10. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பின், கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, என் தங்கை "அண்ணே, அங்க பாருண்ணே" என்று கத்தினாள். அவர் வந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறார்கள். காலை விறகுக்கட்டை போல வீசி வீசிப் போட்டு எட்டு கிலோமீட்டர் வந்திருக்கிறார். முப்பத்தொன்பதாவது ஆள். அவருக்குப் பின்னால் இரண்டே பேர். கோட்டைத் தாண்டியதும் மேசைக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "துணி எங்க?" அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "கட்டியிருந்துதே" என்றார். நான் இருபது அடி தள்ளி, பதக்கத்தோடு நின்றிருந்தேன்.

11. நான்கு மணிக்குப் பரிசளிப்பு. அதற்குள் ஓட்டக் குழுச் செயலாளர் என்னை மைதானத்துச் சாமான் அறைக்குள் கூப்பிட்டார். பந்துகளும் சுருட்டிய வலைகளும் கிடந்த அறை. "உங்கிட்ட எப்படிரா ரெண்டு துணி? வித்தானா, வாங்கினியா?" என்றார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "அடுத்தவன் அடையாளத்தைக் கழட்டினது குத்தம். அப்படி எழுதினா உன் பதக்கமும் போயிடும், வேலையும் போயிடும். வழியில கெடந்துதுன்னு எழுதிக்கிறேன். சரியா?" என்றார். வெளியே பெயர்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். என் மகளுக்கு நாற்பது நாள். பெருவிரலை நீட்டினேன். அவரே பிடித்து மையில் அழுத்தி வைத்துக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்கவில்லை.

12. அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று சென்ற மாதம்தான் தெரிந்தது. மலரின் பதினான்காம் பக்கத்தை என் இரண்டாவது மகள் படித்துக் காட்டினாள். "துணியை வழியில் கண்டெடுத்தேன். திருப்பத்தில் அறுபத்தைந்தாம் எண்ணை நான் பார்க்கவில்லை. அவர் குறுக்குச் சந்து வழியாக வந்து சேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்." கீழே என் ரேகை. "அப்பா, இது உங்க கைதானா?" என்று கேட்டாள். முதல் வரியை மட்டும் நான் அறிவேன். மற்ற இரண்டும் நான் சொல்லாதவை. ஆனால் ரேகை என்னுடையதுதான்.

13. துணி இல்லாமல் வந்தவர் குறுக்கே வந்தவர்தான் என்று குழு அன்றே அவரைத் தள்ளிவிட்டது. அந்த ஓட்ட நாளிலிருந்து அவரை யாரும் நெட்டையன் என்று கூப்பிடவில்லை. 'குறுக்குச்சந்து' என்றுதான் கூப்பிட்டார்கள். கிடங்குக்கு அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், "எந்தச் சந்துப்பா?" என்பார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றாலும், "அவரை முன்னால விடாதீங்க, அவருக்கு வழி தெரியும்" என்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் அதே பெயரால் கூப்பிட்டபோது மட்டும் ஒருநாள் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். நான் தீயணைப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அவர் முதுகு மடங்கும்வரை மூட்டை தூக்கினார். துணி மரக்கடை ஓரம் அவிழ்ந்து விழுந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நம்புகிறார்; அவருக்கும் படிக்கத் தெரியாது, மலரை யாரும் படித்துக் காட்டவில்லை. மறுநாளே போய் அந்த மதில் ஓரம் முழுக்கத் தேடினார். நானும் கூடப் போய்த் தேடினேன்.

14. மேலே உள்ள கடைசி வாக்கியத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "இது அவசியமா பெரியவரே?" என்று மனு எழுதுபவர் கேட்டார். அவசியம் என்று எழுதச் சொன்னேன்.

15. என் தங்கை மூன்று வருடத்துக்கு முன் காலமானாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அவர் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் என்னைக் கேட்டாள்: "அண்ணே, எங்கிட்ட மறைக்காத. அவரு முழுசா ஓடினாரா?" ஓடினார் என்றேன். "நீ பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். "அப்புறம் ஏண்ணே நீ அன்னைக்குச் சொல்லல?" என்றாள். அதற்குள் அவர் மருந்தோடு வந்துவிட்டார்.

16. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஐம்பதாவது ஓட்டம். அன்றைக்குத்தான், முதல் மாரத்தானை முடித்த நாற்பது பேரின் கல் திறக்கப்படுகிறது. கல் செதுக்குபவரை மைதானத்துக் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டு வரை வந்துவிட்டார். என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். தடவிப் பார்த்தேன். முப்பத்தொன்பதாவது வரிக்குச் சுண்ணக்கட்டியால் கோடு மட்டும் போட்டிருக்கிறார். "மேலேருந்து தாள் வந்தா மாத்துறேன் தாத்தா. திங்கக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன்" என்றார்.

17. ஆகவே ஐயா அவர்கள்,
(அ) முப்பத்தொன்பதாவது வரியில் அறுபத்தைந்தாம் எண்ணைச் செதுக்க, திங்கட்கிழமைக்குள் உத்தரவிட வேண்டும். அவருக்குப் பின்னால் வந்த இருவரையும் விடக் கூடாது. அவர்களும் ஓடியவர்களே. கல்லில் நாற்பத்தொன்று வரட்டும்.
(ஆ) என் ரேகை உள்ள பழைய வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்து, அதன் இடத்தில் இந்த மனுவை வைக்க வேண்டும்.
(இ) அடுத்தவர் அடையாளத்தைக் கழற்றியது இன்றும் குற்றம்தான் என்றால், பத்தொன்பதாவது வரியைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. பதக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.
(ஈ) விசாரணைக்கு எங்கள் இருவரையும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மேசைக்கு முன்னால் கூப்பிட வேண்டும். இந்த மனுவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தினமும் மாலையில் என் வீட்டுக்கு வருகிறார். "என்ன மச்சான், கல்லுல உன் பேரு வருதாமே" என்று நேற்றுக்கூடச் சந்தோஷமாகக் கேட்டார். தெருவில் வைத்து அவரிடம் சொல்ல ஐம்பது வருடமாக எனக்கு வாய் எழவில்லை. அதிகாரி ஒருவர் கேட்டால் எழும் என்று நம்புகிறேன்.

என்மேல் இரக்கம் வேண்டாம், அவர் ஓட்டத்தின்மேல் நியாயம் வேண்டும் எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாநகராட்சி அலுவலக வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை, கல் திறப்புக்கு ஒன்பது நாள் முன்பு

இப்படிக்கு,
முழுவதும் படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று வைத்த
இடது பெருவிரல் ரேகை
(அறுபத்து நான்காம் எண்)

இணைப்பு: பதக்கம் ஒன்று. சாட்சிகள் விவரம் கீழே.

திருப்பத்தில் துணி கட்டிய விளையாட்டு ஆசிரியர்: வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே காலமானார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மரக்கடை ஓரம் விசிறிய முதலுதவிக்காரர்: மஞ்சள் காமாலையில் இறந்தார்.

துணிகளை வாங்கிப் பெட்டியில் போட்ட மேசை எழுத்தர்: இறந்துவிட்டார். மகனிடம் விசாரித்தேன். அப்பா எதுவும் சொன்னதில்லை என்றார்.

குழுச் செயலாளர்: பன்னிரண்டு வருடத்துக்கு முன் இறந்தார். நானும் போய் மாலை போட்டேன்.

எங்களுக்குப் பின்னால் திரும்பிய தபால்காரர்: போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். முந்தைய மழைக்காலத்திலேயே நான் இந்த மனுவை எழுதியிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

அறுபத்தைந்தாம் எண், என் தங்கை கணவர், நெட்டையன்: சரக்குக் கொட்டகைத் தெரு, என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. உயிரோடு இருக்கிறார்.