ஓட்டல்காரரின் அப்பா

அப்பாவுக்கு வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா, ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நான் சுகம். கடைகளுக்குப் போர்டு செய்யும் வேலைக்குக் குறைவில்லை. செய்த வேலைக்குத்தான் காசு வரமாட்டேன் என்கிறது. இன்றும் ஓர் ஓட்டலுக்குச் செய்த போர்டின் பாக்கியைக் கேட்கப் போனேன். "முதலாளியோட அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருங்க, அடுத்த வாரம் வாங்க" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். போன மாதம் அதே அப்பா செத்துப்போனதாகச் சொன்னவளும் அவள்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலிலேயே போன். போர்டு செய்ய எனக்குக் கடனுக்கு பிளாஸ்டிக் ஷீட் கொடுக்கும் கடைக்காரர். "இன்னைக்குப் பணம் வரலைன்னா உன் மெஷினைத் தூக்கிட்டு வந்துடுவேன்" என்றார். "எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லண்ணே, ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். உடனே அவர் குரல் இறங்கிவிட்டது. "முதல்ல அப்பாவைப் பாருப்பா" என்றார்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. வாய் முகூர்த்தம் பலித்துவிடுமோ என்று நடுங்குகிறேன். உங்களைக் கூப்பிடவும் தைரியம் வராமல்தான் எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். கொஞ்ச நாளைக்கு பைக்கைத் தொடாதீர்கள்.

யாரோ கடை ஷட்டரைத் தட்டுகிறார்கள், முடிக்கிறேன். இது கைக்கு வந்ததும் நீங்களே போன் செய்யுங்கள். அம்மாவை முதலில் பேச விடாதீர்கள்.

உங்கள் மகன்