பால்கனிப் பக்கம் திறந்த வீடு

மே 14, புதன்

வெயில். மின்விசிறி போட்டாலும் சுடுகாற்றுதான். பரண் காலி செய்தாயிற்று. மாதக் கடைசிக்குள் இந்த ஸ்ரீரங்கம் வீட்டை விட வேண்டும். வீட்டு ஓனர் மகனுக்குக் கல்யாணம், இடம் போதவில்லையாம். மரியாதையாகத்தான் கேட்டார். திட்டக்கூட வழியில்லை.

பரணில் கிடைத்தவை: பித்தளைக் குடம், கம்பி போன குடை, கணவருடைய காக்கிச் சட்டைகள் (தூக்கிப் போட மனம் வரவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை), மகள் ரம்யாவின் பொம்மை வீட்டுப் பெட்டி.

பெட்டி இன்னும் பிரிக்கப்படவே இல்லை. காலேஜ் படித்தபோது ஆசைப்பட்டு வரவழைத்தாள். இப்போது கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். போனில் கேட்டதற்கு, "யாருக்காச்சும் குடுத்துரும்மா. இல்லன்னா நீயே வெச்சு விளையாடு" என்றாள். பெண்ணைப் பெற்றால் இப்படித்தான் பேச்சு வாங்க வேண்டும்.

சாயங்காலம் அவர் கேட்டார்: "புது வீடு எப்படி செல்வி இருக்கும்?"

"உள்ள போனா ஹாலு. வலப்பக்கம் கிச்சன். இடப்பக்கம் பெட்ரூம், அதுக்குள்ளயே பாத்ரூம். நேரா போனா பால்கனி."

"வாயால சொன்னா மனசுல நிக்கல" என்றார்.

சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. முசிறி ரூட்டில் பஸ் ஓட்டியவர். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். இந்த வீடு பழகிய வீடு என்பதால், நான் ஆபீஸ் போனாலும் அவரே சோறு போட்டுச் சாப்பிடுகிறார், குளிக்கிறார். புது வீட்டில்?

மே 15, வியாழன்

முசிறி அண்ணி போன். அவருடைய அக்கா. சுற்றி வளைக்கிற பழக்கமே கிடையாது.

"நீ ஆபீஸுக்குப் போயிடுவ. புது எடம். தம்பிய இங்க கொண்டாந்து விட்டுரு. நாங்க பாத்துக்கறோம். நீ சனி ஞாயிறு வந்து பாரு."

அவர் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாமல் இருக்காது. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

அண்ணி கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எனக்குள்ளும் ஒரு ஓரத்தில் நிம்மதி எட்டிப்பார்த்தது. அதை நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அவர்: "அக்கா வீட்டுல நான் விருந்தாளி செல்வி. எத்தன நாளைக்கு விருந்தாளியா இருக்கறது?"

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது.

மே 17, சனி

பொ.வீ. பிரித்தாயிற்று. (பொம்மை வீடு என்று ஒவ்வொரு முறையும் எழுத சோம்பல்.) மெல்லிய மரத் துண்டுகள், வெட்டி வைத்தது. படத்தில் சரிவுக் கூரை, புகைபோக்கி, மாடிக்கு வளைந்த படி. நாங்கள் போகிற கே.கே. நகரில் எவன் வீட்டில் புகைபோக்கி இருக்கிறது? கூரையையும் மாடியையும் ஒதுக்கினேன். சுவர்களை மட்டும் எடுத்து, வீட்டு புரோக்கர் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து ரம்பத் தகடால் அறுத்து, ஒரு பலகை மேல் நிறுத்துகிறேன்.

திறக்காத வீட்டுக்குள் தொட்டுப் பார்க்க அவர் கை போகாது. சுவர் சாய வேண்டும். பெரிய கடை வீதியில் கீல் கேட்டால் கடைக்காரர் கதவுக்குப் போடுவதை எடுத்து வைக்கிறார். விரலால் அளவு காட்டினேன். "ஓ, நகைப்பெட்டிக்கா? என்னம்மா, மக கல்யாணமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எவ்வளவு சுலபம்.

மே 18, ஞாயிறு

நாள் முழுக்க பொ.வீ. சமையல் ஒரே ரசம்.

பால்கனிப் பக்கச் சுவரை மூன்று துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் கீல் வைத்தேன். தள்ளினால் முன்னால் படுத்துக்கொள்கிறது. வாசல் பக்கச் சுவரைப் பசை போட்டு நிறுத்தினேன். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

சுவருக்கு வெளிர்பச்சை. இரண்டு கோட் அடித்து, தள்ளி நின்று அழகு பார்த்தபோதுதான் உறைத்தது. யார் பார்க்க இந்தப் பச்சை? அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பெயிண்ட் வாசனை பிடித்து வந்துவிட்டார். "என்ன கலரு?"

"பச்சை. இளம்பச்சை."

"நாத்து நட்டு கொஞ்ச நாள் ஆன பச்சையா?"

"அதேதான்."

"நல்ல கலருதான், இருக்கட்டும்."

பிறகு விரலுக்கு வேண்டியதைச் செய்ய ஆரம்பித்தேன். ஹால் தரைக்கு வழவழ பிளாஸ்டிக் தாள். பெட்ரூமுக்குப் பழைய சுங்குடிச் சேலைத் துண்டு. பாத்ரூமுக்கு நைசான உப்புத்தாள், அடுப்பு மேடைக்கு முரட்டு உப்புத்தாள், தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளட்டும் என்று. பாத்ரூம் வாசற்படிக்கு ஐஸ் குச்சி. கட்டில், நாற்காலி, ஃபிரிட்ஜ் எல்லாம் தீப்பெட்டி.

மே 22, வியாழன்

ஆபீஸ் விட்டு பொன்மலையிலிருந்து பஸ்ஸில் வருவதற்குள் உயிர் போகிறது. உட்கார இடமில்லை, பக்கத்தில் ஒருத்தி போனில் மாமியாரைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு மாமியார் இல்லாத குறையை அண்ணி தீர்த்துவைக்கிறார்.

தினம் டீ குடித்ததும் அவருக்குப் பாடம். மேஜையில் பொ.வீ. அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து சுவர்களைச் சாய்த்து உள்ளே கை விடுகிறார். முதல் நாள் தீப்பெட்டிக் கட்டிலை நசுக்கிவிட்டார். இன்று ஒன்றையும் இடிக்கவில்லை. கண்ணாடிச் சாமான் கடைக்குள் போகிறவர் மாதிரி விரல் நடக்கிறது.

"பெட்ரூம்."

வலது கை நேராகச் சேலைத் துண்டுக்குப் போகிறது.

"கிச்சன்."

இடது கை. உப்புத்தாளைத் தொட்டதும் நின்றுவிடுகிறது.

"இது என்ன, ரோட்டுல ஸ்பீடு பிரேக்கர் மாதிரி?"

"பாத்ரூம் படிங்க."

சிரித்தார். எழுந்து டம்ளர் கழுவப் போனேன்.

மே 28, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். அண்ணி முசிறியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார், ஒரு வாழைத்தாரோடு. இரண்டாவது மாடி. அவர் இன்றுதான் முதல் தடவை வருகிறார். வாசலில் நான் கையைப் பிடித்ததும் உதறிவிட்டார்.

"விடு செல்வி. எனக்குத் தெரியும்."

தலை நிமிர்ந்து உள்ளே போனார். எத்தனை நாளாயிற்று அவர் அப்படி நடந்து. பெட்ரூம் போய்ச் சட்டையை மாட்டிவிட்டு வருகிறேன் என்று வலது பக்கம் திரும்பினார். வலது பக்கம் கிச்சன். அண்ணி குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். காலி வீடு, எங்கே பேசினாலும் எல்லா மூலையிலிருந்தும் சத்தம் வருகிறது. நான் கத்துவதற்குள் அவர் கை பால் பாத்திரத்தில்.

மணிக்கட்டில் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை, சிவந்து இரண்டு கொப்புளம். பால் முழுக்கத் தரையில்.

அண்ணி உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேலயும் நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கேன். திங்கக்கிழமை தம்பி எங்கூட வரான்" என்றார்.

அவர் சரியென்று தலையாட்டினார். அதுதான் தாங்கவில்லை. மருந்து போடும்போது மெதுவாகச் சொன்னார்: "வாசல் அந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும் செல்வி. ஆனா கை இந்தப் பக்கத்துலேருந்து பழகிருச்சு. நீ என்னைய பால்கனி வழியா வீட்டுக்குள்ள விட்டுட்ட."

வேலை செய்யும்போது எனக்கு எந்தப் பக்கம் வாகாக இருந்ததோ அந்தப் பக்கம் கீல் வைத்தேன். என் வசதி. அவ்வளவுதான். பத்து நாளாக ஒரு மனுஷனைத் தலைகீழாகப் பழக்கியிருக்கிறேன். என் மேல் வந்த ஆத்திரத்தில் தாளிப்பு கருகிப்போய், எல்லோரும் தயிர்சாதம்.

மே 29, வியாழன்

சாமான் வந்து இறங்கியது. பீரோ கதவு சாத்தவில்லை. தண்ணீர் உப்பு.

பொ.வீ.யைத் திருப்பி வைத்தேன். வாசல் பக்கம் அவரைப் பார்த்து. சுவர் மறிக்கிறது, கை போகவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். பசை அவ்வளவு லேசில் விடவில்லை. விட்டபோது ஒரு துண்டு பச்சையோடு பிளந்தது. கீல்களைப் பிடுங்கி இந்தப் பக்கம் மாட்டினேன். வீடு ஆடுகிறது. பால்கனிச் சுவரைப் பசை போட்டு ஒட்டி, மூலைகளில் குச்சி வைத்து முட்டுக்கொடுத்தேன்.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். "இத வெச்சுத்தானா இத்தன நாளா...?"

"ஆமாங்க அண்ணி."

"எனக்கு ஒண்ணும் புரியல. நீ செய்." பிறகு அவரே முட்டுக்குச்சியைப் பிடித்துக்கொண்டார், பசை காயும்வரை.

மே 31, சனி

கை ஒரு பக்கம் பழகியதை மறப்பது புதிதாகப் பழகுவதை விடக் கஷ்டம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தடுமாற்றம்தான். இன்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: பொ.வீ.யில் ஒரு தடவை, உடனே எழுந்து வீட்டில் ஒரு தடவை. தான் டிரைவர் சீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாராம். "லெஃப்ட் ஒடிச்சா பெட்ரூம். ரைட் ஒடிச்சா கிச்சன். நேரா போனா பால்கனி, பிரேக்." அண்ணி பின்னாலேயே நடக்கிறார், கண்டக்டர் மாதிரி.

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் அண்ணிக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார். கேஸ் பற்றவைத்து, வடிகட்டி, ஹாலுக்குக் கொண்டுவந்து. கொஞ்சம் தட்டில் கொட்டியது. அண்ணி அந்த டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

"சர்க்கரையே போடலியே" என்றார் அண்ணி.

"எனக்குப் போடற மாதிரியே போட்டுட்டேன்க்கா."

சாயங்காலம் அண்ணி தனியாகக் கிளம்பினார். பஸ் ஏறும்போது என்னிடம், "ஒரு வாரம் பாக்கறேன்" என்றார். குரலில் பழைய கண்டிப்பு இல்லை.

நாளை முதல் அவர் வீட்டில் தனியே. லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. பயமாக இருக்கிறது, வேறென்ன.

ஜூன் 2, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை.

காலை இட்லி. மத்தியானத்துக்கு சாம்பார் சாதம், கோஸ் பொரியல், மேஜையில். ஆபீஸிலிருந்து காலையில் கூப்பிட்டேன், எடுத்தார், "எல்லாம் நல்லாருக்கு" என்றார். மத்தியானம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பெர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன்.

மாடி ஏறவே வேண்டியிருக்கவில்லை. கீழே கேட் பக்கத்தில், வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் நின்றுகொண்டு தன் ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். போன் மேலே, சார்ஜரில்.

எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "விழுந்திருந்தா? யாரக் கேட்டு இறங்குனீங்க?"

"சுவரப் புடிச்சுக்கிட்டுத்தான் இறங்குனேன்."

"வீட்டுல இருக்க என்ன கஷ்டம் உங்களுக்கு?"

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கோபமே இல்லை.

"வீடு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு செல்வி. நீ போயி கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன பண்றது, சொல்லு."

வாட்ச்மேன் எங்கோ பார்த்தார்.

கையைப் பிடித்து ஏறினோம். பாதி வழியில், "நீ வாசலோட முடிச்சுட்ட" என்றார்.

முடித்தேன்தான். கட்டில், அடுப்பு, பாத்ரூம் படி, எல்லாவற்றுக்கும் தாள் ஒட்டினேன். வாசலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது என்று தோன்றவே இல்லை. அவர் விழாமல் இருக்க வேண்டும், நான் ஆபீஸில் நிம்மதியாக ஃபைல் பார்க்க வேண்டும். அண்ணி முசிறியில் செய்யப் பார்த்ததைத்தான் நான் கே.கே. நகரில் செய்திருக்கிறேன், இன்னும் அழகாக, கீல் வைத்து. வெட்கமாக இருக்கிறது. அழுதேன். அவர் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்.

ஜூன் 3, செவ்வாய்

லேசான தூறல். ஆபீஸுக்கு அரை நாள் சொல்லிவிட்டேன், முறைப்பார்கள், முறைக்கட்டும்.

மாடிப்படியை அளந்தேன். இரண்டு திருப்பம். இடது பக்கம் கைப்பிடி, கடைசியில் அது இல்லை. கீழே கேட், பெட்டிக்கடை, பஸ் ஸ்டாப். ஸ்டாப்புக்கு முன்னால் மூடியில்லாத சாக்கடை ஒன்று, அதற்கு முரட்டு உப்புத்தாள். இதெல்லாம் வைக்கப் பலகையில் இடமில்லை. வாசலோடு பலகையும் முடிந்துவிடுகிறது. பெரிய பலகை வேண்டும்.

மரக்கடைக்குப் போய் வருகிறேன் என்றேன். "நானும் வரேன்" என்கிறார்.

மழை தூறுகிறதே என்றேன். சட்டை மாற்றிவிட்டார். இதோ, செருப்புப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார், மீதி வந்து எழுதுகிறேன்.