நாற்பத்து மூன்றாம் கேள்வி

ஜீவனஹள்ளி, பெங்களூர்
8-12-1963

என் கண்ணு மௌரீன்,

மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கல்கத்தாவில் நீயும் அத்தை வீட்டாரும் அப்படியே இருக்க ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். உன் இருமல் விட்டதா? கடுகு எண்ணெய்ச் சமையல் தொண்டைக்கு ஆகவில்லை என்றால் அத்தையிடம் வாய்விட்டுச் சொல், கூச்சப்படாதே. அப்பாவுக்கு மறுபடி காலை ஷிப்ட், விடியும் முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், மஃப்ளர் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் கேட்பதில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பைலட் லைசென்ஸ் எழுத்துப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, ஓஸ்வால்ட் அங்கிளின் கேள்வி பதில் நோட்டு ஒன்று வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பம்மா, இங்கே எல்லாரும் அதைத்தான் உருப்போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, அருவருப்பில் சொல்கிறேன், அதில் பாதி என் மேலேயே. என்ன நடந்தது என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஓஸ்வால்ட் ஒக்கலிபுரத்தில் மாடி அறை எடுத்துக் கோச்சிங் நடத்துவது உனக்குத் தெரியும். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிற பையன்களைப் பிடித்து வைத்து என்ன கேட்டான், என்ன கேட்டான் என்று விசாரித்து, அறுநூறு கேள்வி சேர்த்துவிட்டார். நோட்டின் முன்பாதி முழுக்கக் கேள்விகள், பின்பாதியில் தனியாக எண் போட்டு ஒற்றைச் சொல்லில் பதில்கள். கூடும், குறையும், இடது, வலது, அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வரி கிடையாது. அதைப் பிரதி எடுக்க டைப்ரைட்டரில் ஸ்டென்சில் அடித்துக் கொடுத்தது யார் தெரியுமா, உன் அம்மாதான். நீ கல்கத்தா போன பிறகு சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று இருந்தது, வக்கீல் ஆபீசிலிருந்து வந்ததும் மெஷின் முன்னால் உட்கார்ந்து அடித்தேன். என் மகள் படிக்கிற படிப்பு என்று ஒரு பெருமை வேறு. அடித்ததில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

போன மாதம் மூன்றாம் வாரம், உன்னோடு இங்கே பறக்கக் கற்றுக்கொண்டானே ரங்கா, அவன் கோயம்புத்தூரிலிருந்து தனியாகப் பறந்து வந்திருக்கிறான். மெட்ராஸ் பக்கம் புயல், இங்கே மூன்று நாளாகத் தூறல், மேகம் தலைக்கு மேலே தொங்கியது. ஆனேக்கல் தாண்டும்போது மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல், கீழே இறங்கிப் பார்க்கலாம், இன்னும் உயரம் இருக்கிறது என்று இறக்கியிருக்கிறான். உயரம் இல்லை. சக்கரம் சவுக்குத் தோப்பின் உச்சியில் மாட்டி விமானம் குப்புற விழுந்தது. தோப்புக்காரர்கள் ஓடிவந்து வெட்டி எடுத்து, மாட்டு வண்டியில் போட்டு ஆனேக்கல் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். உயிர் தப்பியது கடவுள் செயல். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் அம்மா அனந்தலக்ஷ்மி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா சீனிவாசராகவன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரங்கா, ஆன்ட்டி, விசாரணைக்கு வந்த ஆபீசர் கேட்டாரு, காத்தழுத்தம் குறைஞ்ச எடத்துக்கு வரும்போது ஆல்டிமீட்டர திருத்தி வெக்கலேன்னா அது எப்படிக் காட்டும்னு, நான் டக்குனு கொறச்சுக் காட்டும்னு சொன்னேன், நாப்பத்தி மூணாவது கேள்வி, மறக்கவே மறக்காது, அவரு என்னையே பாத்துட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு என்றான். வீட்டுக்கு வந்து ஓஸ்வால்ட் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்றுக்கு அவர் எழுதியிருந்தது, அதிகமாகக் காட்டும் என்று. நான் அடித்திருந்தது, குறைத்துக் காட்டும் என்று. உயரம் காட்டும் அந்தக் கருவி குறைத்துக் காட்டுகிறது, அப்படியானால் நிஜத்தில் நாம் இன்னும் மேலேதான் இருக்கிறோம் என்று நம்பித்தான் அந்தப் பையன் இறங்கியிருக்கிறான். உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே போய் அவர்கள் மூன்று பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் ஆறியிருக்கும். ரங்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். சீனிவாசராகவன் நோட்டைக் கொடுங்கோ என்று வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கம் வரை பார்த்தார். இன்னும் ரெண்டு தப்பு இருக்கு, அதெல்லாம் உங்க டைப்பிங் இல்லே, எழுதினவனுக்கே தெரியலே என்றார். பிறகு மகனைப் பார்த்து, முப்பது வருஷம் வானிலை ஆபீஸ்ல பாரோமீட்டரப் பாத்துண்டு இருந்தவன்டா உங்கப்பா, ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, ஒருநாள் ஏம்பான்னு ஒரு கேள்வி கேட்டியா என்றார். அவர் குரல் உயரவே இல்லை. அனந்தலக்ஷ்மிதான் போறும் விடுங்கோ என்று அழ ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேரே ஒக்கலிபுரம் போனேன். ஓஸ்வால்ட் டீ குடித்துக்கொண்டே, என்ன பவுலின், ஒரு வார்த்தைக்கு இவ்ளோ கலாட்டாவா, அறுநூறுல ஒண்ணு போனா எவனும் ஃபெயில் ஆக மாட்டான், சும்மா வெளியில சொல்லிட்டுத் திரியாதே என்றார். அந்த டீயை அவர் சப்புக்கொட்டிக் குடித்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பையன் காலில் கட்டோடு கிடக்கிறான், இவருக்கு ஃபெயிலா பாஸா என்பதுதான் கணக்கு. இனி ஒரு ஸ்டென்சில் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நோட்டு வாங்கியவர்களில் எனக்கு விலாசம் தெரிந்த பத்தொன்பது பேருக்குக் கார்டு போட்டேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். அதில் ஒருவன் வேறு தப்பு ஏதாவது பரீட்சையில் வருமா என்று கேட்டிருந்தான்.

இந்தச் சனிக்கிழமை திருத்திய பதிப்பு வந்துவிட்டது. வேறு ஒரு பெண் அடித்திருக்கிறாள். வாங்கி, என்னிடம் இருந்த ஓஸ்வால்டின் கையெழுத்துக் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாற்பத்து மூன்று சரியாக இருக்கிறது. ஆனால் பாவம், அவளும் என்னைப் போலத்தான், பதில் பக்கத்தில் நூற்றுப் பதினெட்டை விட்டுவிட்டாள், அதிலிருந்து அந்தப் பக்கம் முடிகிற நூற்று ஐம்பது வரை ஒவ்வொரு பதிலும் ஓர் எண் முன்னால் தள்ளி நிற்கிறது. எல்லாம் கூடும், குறையும் என்ற ஒற்றைச் சொற்கள்தானே, யார் கண்ணில் படும்? மறுபடி மாடி ஏறினேன். ஓஸ்வால்ட் இல்லை. நாலு பையன்கள் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடி ஆடி ஆடி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் ரங்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவர்கள். நான் வாசலில் நின்று எது எது தப்பு என்று சொன்னேன். ஒருவன் மரியாதையாக எழுந்து நின்று, அப்போ பரீட்சையில எத எழுதறது ஆன்ட்டி, சரியான பதிலையா, நோட்டுல இருக்கறதையா என்று கேட்டான். நான் படியிறங்கி வந்துவிட்டேன் மௌரீன்.

அதனால் உனக்கு நோட்டை அனுப்பவில்லை. கேள்விப் பக்கங்களை மட்டும் பிரித்து இத்துடன் வைத்திருக்கிறேன், கேள்விகளில் குற்றமில்லை, பழகிப் பார்க்க நல்லதுதான். பதில் பக்கங்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நீயே புத்தகத்தைப் பார்த்துப் பதிலும் காரணமும் எழுது. உன் அப்பா பேப்பரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்து, அவளுக்கு நேரம் பத்தாதே என்கிறார். பத்தாவிட்டால் அடுத்த தடவை எழுதட்டும். ஃபெயிலாகி வந்தாலும் நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவோம், யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். தெரியாததைத் தெரிந்ததாக எழுதி மட்டும் மேலே ஏறாதே.

ரங்காவுக்கு இரண்டு வரி எழுது, பரிதாபப்பட்டு எழுதாதே, சாதாரணமாக எழுது. நூற்றுப் பதினெட்டு விஷயத்தை அங்கே உன்னோடு படிக்கிறவர்களிடம் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல், சிரித்தாலும் சொல். காவல் சம்மனசு உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிட்டதாக நினைத்துக்கொள்.

என்றும் உன் அம்மா,
பவுலின் அலெக்சாண்டர்