கனத்த பெயர்

வொனோசோபோ, ஜாவா
செவ்வாய்

என் மகனின் அப்பாவுக்கு,

கணினி வந்த பிறகு ஆஸ்பத்திரிக் கோப்பறையில் எனக்கென்ன வேலை என்று இடித்துக்காட்டுவீர்களே, இன்று ஜெயித்துவிட்டேன்.

காலையில் வாலுயோ என்பவரைக் கடும் காய்ச்சலில், நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயரில் பழைய பதிவு எதுவும் இல்லை. டாக்டர் பெனிசிலின் போடச் சொல்லிவிட்டார். வாலுயோ என்றால் 'பிழைத்துத் தேறியவன்'; அப்படியொரு பெயரைப் பிறந்தவுடன் யார் வைப்பார்கள்? அவருடைய அக்காவைப் பிடித்தேன்.

"முன்னாடி இவருக்கு வேற பேரு உண்டா?"

"ஆமாங்க, சின்னதுல ஓயாத சீக்கு. பேரோட கனத்தை உடம்பு தாங்கலைன்னு ஊருக்கே சோறு போட்டு மாத்தினோம். பழைய பேரு பகஸ்கரா."

அந்தப் பெயரில் தேடிப் பார்க்கும்வரை ஊசி போட வேண்டாம் என்று டாக்டரிடம் ஓடினேன்.

"ஒரு ஊசிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அஞ்சு நிமிஷம் தர்றேன்" என்றார் டாக்டர்.

எனக்கு நாலே போதும். கீழ்த்தளத்துக் கடைசி அலமாரியில் கிடைத்தது: பகஸ்கரா, வயது ஆறு. அட்டையில் சிவப்பு மை: 'பெனிசிலினால் மூச்சு நின்றது. இனி தரக்கூடாது.'

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். வேறு மருந்தில் வாலுயோ மாலையே கண்விழித்துக் கஞ்சி கேட்டார். டாக்டர் கோப்பறைக்கே இறங்கி வந்தார்.

"படிவத்துல பழைய பேருக்கு ஒரு கட்டம் போட்டுடலாம்மா. நீங்களே எழுதிக் குடுங்க."

அந்தக் கட்டத்தை முதலில் நம் மகனுக்குத்தான் நிரப்பினேன். நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வருடம் அவனுக்கு விடாத காய்ச்சல். நீங்கள் வைத்த பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. உங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது இரண்டும் பதிவில் இருக்கின்றன. எந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தாலும் அவன் கிடைப்பான்.

இப்படிக்கு,
கோப்பறைக்காரி