கணக்கில் சேராத மைல்

இன்று காலை ஃப்ரீமான்ட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரப் புல்லில் அந்தத் தூள் விழுந்து எழுந்த வாடை கார் ஜன்னல் வழியே வந்தது. அலுவலகம் போகிறவன் ஓரமாக நிறுத்திவிட்டேன். நீங்கள் போன குளிர்காலத்தில் இறந்த பிறகு நான் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை.

சான்டா கிளாராவில் சிப் வடிவமைக்கும் வேலை உங்களுக்கு. சனிக்கிழமைகளில் மட்டும் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, விக்டோரியா ராணி காலத்து லண்டனில் காசு வாங்காமல் ஓடியவர்களின் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் படிப்பீர்கள். சாயங்காலம் மௌரி அவென்யூ கடையில் காப்பியோடு அது என் தலையில் இறங்கும்.

"யோவ் ரிப்போர்ட்டர், மெடல் மட்டும்தான்யா. கேஷ் கிடையாது. ஓடினாங்க, கை குடுத்தாங்க, ட்ரெயின் புடிச்சு வீட்டுக்குப் போனாங்க."

ஆரம்ப காலத்தில் கைத்தொழில் செய்கிறவனும் கூலியாளும் அங்கே ஓட முடியாது என்பதையும் நீங்களே சொன்னீர்கள். "அந்த ஒரு லைனைத் தூக்கிட்டா மிச்சமெல்லாம் தங்கம்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

ஒரு கோடையில் நம் தமிழ்ச் சங்கம் விளையாட்டு விழாவை உங்களிடம் ஒப்படைத்தது. பழைய லண்டன் பாணியில் விதிகளை நீங்களே எழுதினீர்கள். எங்காவது பரிசுப் பொருளுக்கோ காசுக்கோ ஓடியவர் சேர முடியாது. அப்படிப்பட்டவரோடு சேர்ந்து ஓடுகிறவரும் தகுதி இழப்பார். செயற்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

ஒரு மைல் ஓட்டத்துக்கு முருகேசன் வந்தார். இங்கே ஒரு ரெஸ்டாரண்டில் சமையல் வேலை, சொந்த ஊர் தேனிப் பக்கம். நம்பர் குத்தும் மேசையில் யாரோ, "எங்க ப்ராக்டிஸ் பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் சந்தோஷமாகவே சொன்னார்: திருவிழா ஓட்டப் பந்தயங்களில் பித்தளைக் குடம் வாங்கியிருக்கிறாராம், ஒரு தடவை ஆடு.

சங்கச் செயலாளர் உங்களைப் பார்த்தார். "அங்கிள், இவர் எலிஜிபிள் இல்லையே."

"ஆடு எப்படிய்யா கேஷ் ஆகும்?"

"வித்தா கேஷ்தானே அங்கிள்? ரூல் நீங்க எழுதுனது."

எல்லோரும் சிரித்தார்கள். முருகேசனும் சிரித்தார், சட்டையில் குத்திய நம்பரைக் கழற்றிக்கொண்டே. நீங்கள் சிரிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினீயரிங் சீட் வாங்கியவர் நீங்கள். வரிசையில் அப்படி இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஓடிப் பெற்ற சீட்டை யாரும் ஆட்டோடு சேர்த்துப் பேசவில்லை.

நீங்களும் உங்கள் நம்பரைக் கழற்றினீர்கள். "வாங்க முருகேசன், நாம ரெண்டு பேரும் ஓடுவோம்."

"அங்கிள், அவரோட ஓடினா நீங்களும் அவுட்."

"தெரியும் தம்பி. நான்தானே எழுதினேன்."

நான் வேலியோரம் நின்று பார்த்தேன். யாரும் நேரம் பார்க்கவில்லை. கடைசி வளைவு வரை முருகேசன் உங்களுக்கு வெகுதூரம் முன்னால் இருந்தார். அப்புறம் அவர் கால் தளர்ந்தது. களைப்பு அல்ல, தெரிந்தே குறைத்தார். நீங்கள் அவரைத் தாண்டிக் கோட்டைத் தொட்டீர்கள். கூட்டம் கைதட்டியது. நீங்கள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், வெகுநேரம்.

"ஏன்யா ஸ்லோ பண்ணான்?" திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் கேட்டீர்கள். "பெரிய மனுசன்னு விட்டுக் குடுத்தானா? அதுக்கு அவன் ஓடாமலே இருந்திருக்கலாம்."

சில நாளில் முருகேசன் வேலை மாறி டெக்சஸ் போய்விட்டார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் கேள்வியை விடவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், "நீ ரிப்போர்ட்டர்தானே, கண்டுபுடிச்சுச் சொல்லேன்யா" என்றீர்கள்.

போன மாதம் வேலையாக டெக்சஸில் டல்லாஸ் போயிருந்தேன். ஃபிரிஸ்கோ போகும் வழியில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தால், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவர் முருகேசன். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் உங்கள் கேள்வியைக் கேட்டேன்.

"மரியாதைக்கெல்லாம் இல்ல சார். நான் ஜெயிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? 'பாத்தியா, காசுக்கு ஓடுறவன், ஜெயிக்காம என்ன பண்ணுவான்'னுதானே? அவங்க ரூலு சரின்னு ஆயிருக்கும். சார் எனக்காக வெளிய வந்து நின்னாரு. அவர் செஞ்சதத் தப்புன்னு நானே காட்டணுமா?"

ஜெயித்தாலும் அந்த மனிதர் தோற்கும்படியாக விதி இருந்திருக்கிறது. தூக்கிவிட்டதாக நாம் நினைத்த, கூலியாளை விலக்கிய அந்த ஒரு வரி, எங்கும் போகாமல் மிச்ச வரிகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்ட பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், அந்த விதியை எழுதிய உங்களிடமே இதைச் சொல்லியிருப்பேனா என்பதுதான் தெரியவில்லை.