இஞ்சி கிரேக்கம் போன கதை

அண்ணாச்சி, ஜனக்புரி மெட்ரோவுக்குக் கீழே டீக்கடை பையா இப்போதுதான் இஞ்சியை நசுக்கினான். அந்த வாசனைக்குப் பாதி டெல்லி தும்மியிருக்கும். நான் உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் காலம் தள்ளியவர் நீங்கள். லேபிள் பார்க்காமல் எதையும் நம்பமாட்டீர்கள். நானோ எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாத்தியார்கள் அழுது கெஞ்சியும் திரும்பிப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே டீக்கடை பெஞ்சில், பஞ்சாபிக் கிழவர் ஒருவர் நம் இருவரிடமும், "உங்க தமிழ் இங்கிலீஷுக்கு என்ன கொடுத்தது?" என்று கேட்டார். விடுவேனா? ஜிஞ்சர் என்பதே எங்கள் இஞ்சிதான், என் பூட்டன் கொற்கையில் மூட்டை கட்டிக் கொடுக்க, கிரேக்கக்காரன் முகர்ந்துகொண்டே கப்பலேறினான் என்று இந்தியில் அளந்தேன். கப்பலின் நிறம்கூடச் சொன்னேன். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். "புளுகுக்கும் ஒரு அளவு வேணும் வே." கிழவரும் பையாவும் சேர்ந்துகொண்டார்கள். முதுகுவலி என்று சொல்லி மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

நாலாவது ஞாயிறு, சர்ச் முடிந்து மயூர் விஹாரிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, கையைப் பிடித்து இழுத்துப்போனீர்கள். அகராதிகளைப் புரட்டினீர்களாம். நம் 'இஞ்சி வேர்' பாலியில் 'சிங்கிவேரம்' ஆகி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' ஆகி, லத்தீன் வழியாக இங்கிலீஷுக்குப் போனதாம். கப்பலின் நிறம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லையாம். "இவரு சொன்னது சரி. சிரிச்சது என் தப்பு" என்று அதே ஆட்கள் முன்னால் இரண்டு பாஷையிலும் சொன்னீர்கள். அன்றைக்கு அந்தப் பெஞ்சுக்கு நான்தான் ராஜா.

ஒன்றை உங்களிடம் சொல்லவே இல்லை அண்ணாச்சி. அந்த இஞ்சி விஷயத்தை நான் எங்கும் படிக்கவில்லை. கிழவர் கேட்டபோது கையில் இஞ்சி டீ இருந்தது, அவ்வளவுதான். காபி இருந்திருந்தால் காபியைச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வாயெடுப்பேன். அன்றிலிருந்து நீங்கள் எனக்குக் கொடுத்த மரியாதை போய்விடுமே என்று மூடிக்கொள்வேன்.

போன மாதம் உங்கள் நினைவு ஜெபக்கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். கூட்டமே சிரித்தது. உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் படிச்சுத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, சும்மா அடிச்சு விட்டேன்னு புளுகுறீங்களே மாமா" என்றாள்.

என் ஆயுசில் சொன்ன ஒரே முழு உண்மை, நம்ப ஆளில்லாமல் என்னிடமே கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வந்து, இதுவும் சரிதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருப்பீர்கள்.